கண் போனது, வேலையும் போனது: ஒரு லைன்மேனின் கடிதமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்

பஞ்சாப் மாநில மின்சார வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த ஒருவருக்கு 1994 ஜனவரியில் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கிற வேலை. இனி அதைச் செய்ய முடியாது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை, வாரியத்துக்கும் சந்தேகம் இல்லை. 1996 ஜூலையில் அவர் வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பார்வை போய்விட்டது, வேலை பார்க்க இயலவில்லை, எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என் மனைவிக்குத் தகுந்த வேலை ஒன்று கொடுங்கள் என்பது அதன் சாரம். வாரியம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1997 மார்ச் 21 முதல் அவர் பணியில் இல்லை.

பகவான் தாஸ் எதிர் பஞ்சாப் மாநில மின்சார வாரியம் என்ற பெயரில் இந்த வழக்கு இன்றும் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. 2008 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அஃப்தாப் ஆலம். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த அரசு ஊழியர்கள் சட்ட உதவி தேடி வரும்போது நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். இதைவிடப் பெரிய சட்டக் கேள்விகளை அலசிய தீர்ப்புகள் உண்டு. ஆனால் ஒரு சாதாரண ஊழியர் எந்த இடத்தில், எப்படி விழுகிறார் என்பதை இந்த அளவுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டிய தீர்ப்பு வேறில்லை. அவர் விழுந்த இடம் மருத்துவமனையும் அல்ல, மருத்துவக் குழுவின் மேசையும் அல்ல. தானே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தாள்.

அந்தத் தாள் எழுதப்பட்ட நாளில் சட்டம் எங்கே இருந்தது?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 47-ஆவது பிரிவு ஒளிவுமறைவின்றிப் பேசியது. பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் பணியிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. வகித்துவந்த பணிக்கு அவர் பொருந்தாவிட்டால், அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப்பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இடமே இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயதை எட்டும் வரையிலோ அவருக்கென்று ஒரு மிகைப் பணியிடத்தை உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகங்களில் ‘சூப்பர்நியூமரரி போஸ்ட்’ என்று சொல்லப்படுவது இதுதான்.

லைன்மேன் கடிதம் கொடுத்தபோது இந்தப் பிரிவுக்கு வயது ஐந்து மாதம். அவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. கண் போனால் வேலையும் போகும் என்றுதான் அவர் நம்பினார். போவது போகட்டும், குடும்பத்துக்கு வேறொரு பிடிப்பாவது கிடைக்கட்டும் என்று மனைவிக்கு வேலை கேட்டார். பதறிப்போன எந்தக் குடும்பத் தலைவரும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

வழக்கு பஞ்சாப் ஹரியாணா உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தோற்றது. உச்ச நீதிமன்றத்தில் வாரியத்தின் வாதம் எளிமையானது: நாங்கள் நீக்கவில்லை, அவரே விருப்ப ஓய்வு கேட்டார், கொடுத்தோம், பிரிவு 47 நீக்கத்துக்குத்தானே பொருந்தும்? கடிதம் வாரியத்தின் கையில் இருந்தது. கையெழுத்து அவருடையதுதான். ஏட்டளவில் பார்த்தால் வலுவான வாதம்.

உச்ச நீதிமன்றம் கடிதத்தை எழுதியவனின் நிலைமையோடு சேர்த்துப் படித்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் பார்வையை முழுக்க இழந்திருக்கிறார். சட்டம் தரும் பாதுகாப்பு அவருக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறார். அந்த மன அழுத்தத்தில் அவர் எழுதியதில் ஒரே ஒரு வாக்கியத்தை, முன்பின் இல்லாமல் பிய்த்தெடுத்து, அதை வைத்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள் என்றது. அடுத்து நீதிமன்றம் சொன்னதுதான் இந்தத் தீர்ப்பின் உயிர்நாடி: அவருக்குள்ள சட்ட உரிமைகளை எடுத்துச் சொல்வது மேலதிகாரிகளின் கடமையாக இருந்தது.

இதை எத்தனை அலுவலகங்கள் உள்வாங்கியிருக்கின்றன என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஊழியர் ஒன்றைக் கேட்டால், கேட்டதைக் கொடுப்பதோ மறுப்பதோதான் தன் வேலை என்று நிர்வாகம் நினைக்கிறது. ‘ஐயா, நீங்கள் கேட்கிறதைவிடப் பெரியது ஒன்று உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது’ என்று சொல்லும் பிரிவுத் தலைவரைப் பார்ப்பது அரிது. நீதிமன்றம் அதிகாரிகளைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாரியத்தின் நலனுக்காகவே செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். இனிப் பயன்படாத ஒருவருக்கு வாரியத்தின் பணத்தைச் செலவிடுவது அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த மனப்போக்கே தவறு, சட்டம் கொடுப்பது தானமோ சலுகையோ அல்ல, சம குடிமக்களாக அவர்களுக்குள்ள உரிமை என்ற பொருளில் தீர்ப்பு பேசுகிறது.

முடிவில் கிடைத்தது என்ன? பணியிலிருந்து அனுப்பியது சட்டவிரோதம். லைன்மேன் இடையறாமல் பணியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வு, பதவி உயர்வு உள்ளிட்ட அனைத்தும் அவருக்கு உண்டு. ஓய்வுக்கால நிதியாக ஏற்கெனவே கொடுத்த தொகையை, 1997 மார்ச் 22 முதல் தர வேண்டிய சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் மிச்சம் இருந்தால், இனி வரும் சம்பளத்தில் எளிய மாதத் தவணைகளாகப் பிடிக்கலாம். தீர்ப்பின் நகலைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் பணியில் சேர்த்து, பணத்தையும் கொடுக்க வேண்டும்.

பணத்தை நேர்செய்யும் அந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். ‘பணிக்கொடையை வாங்கிவிட்டேனே, இனி எப்படி வழக்குப் போடுவது?’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வாங்கியதனால் வழக்கு சாவதில்லை; கணக்கு நேர்செய்யப்படும், அவ்வளவுதான்.

ஓய்வூதியமும் வேலையும்

லைன்மேன் வழக்குக்கு ஐந்தாண்டு முன்பே, 2003 பிப்ரவரியில், இன்னொரு தீர்ப்பு இதற்கு அடித்தளம் போட்டிருந்தது. குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம். மத்தியப் படையொன்றில் காவலராக இருந்தவருக்குக் காலில் ஏற்பட்ட காயம் முற்றிப்போய்க் காலையே எடுக்க நேர்ந்தது. மருத்துவக் குழு ‘தகுதியில்லை’ என்றது. 1998-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு சொன்ன பதில்: மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 38-ஆம் விதிப்படி அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாகிவிட்டது, பிறகென்ன?

உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக வேலையில் தொடரும் உரிமையைப் பறிக்க முடியாது. ஓய்வூதிய விதிகள் ஒரு பக்கம் இருக்க, பிரிவு 47 என்பது நாடாளுமன்றம் இயற்றிய சிறப்புச் சட்டத்தின் கட்டாயக் கட்டளை. அந்த வழக்கில் தெளிவான இன்னொன்றும் உண்டு. ஒருவரை ‘மாற்றுத்திறனாளி’ என்று சான்றளிக்க நாற்பது விழுக்காடு குறைபாடு வேண்டும். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியருக்கான பாதுகாப்பைப் பேசும் பிரிவோ அந்த நாற்பது விழுக்காட்டுச் சொல்லாட்சியைப் பயன்படுத்தவில்லை. இடஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்கிறவரும், வேலையில் இருக்கும்போது குறைபாடு நேர்கிறவரும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள். ‘உங்கள் சான்றிதழில் முப்பத்தைந்துதான் போட்டிருக்கிறது’ என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இது.

வரவு செலவாகவும் பார்த்துவிடலாம். நாற்பத்தைந்து வயதில் இயலாமை ஓய்வு என்றால், மத்திய அரசின் பழைய ஓய்வூதிய முறையில் கடைசி ஊதியத்தின் பாதி. அதன் மேல் அகவிலைப்படி. வேலையில் தொடர்ந்தால் முழுச் சம்பளம், ஆண்டு உயர்வு, பதவி உயர்வு, அடுத்த ஊதியக் குழுவின் பலன், அதற்கெல்லாம் பிறகு கூடிய தொகையில் ஓய்வூதியம். பதினைந்து ஆண்டுக் கணக்கில் இந்த வித்தியாசம் ஒரு வீட்டின் விலைக்கு வரும். இதைத் தெரிந்துகொண்டும் ஒருவர் ஓய்வைத் தேர்ந்தெடுக்கலாம். நாள்தோறும் டயாலிசிஸ், வலி, பயணம் என்று அல்லாடுகிறவருக்கு ஓய்வே நிம்மதியாக இருக்கலாம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தெரியாமல் எழுதிக் கொடுப்பதுதான் சிக்கல்.

அந்தக் கடிதம் இங்கே எப்படி இருக்கிறது

பஞ்சாபில் நடந்தது என்று தள்ளிவைக்க முடியாதபடி, அதே கடிதம் தமிழ்நாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிற்சங்க அலுவலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் தட்டச்சு செய்கிறவர்களிடமும் ஆயத்தமாகவே ஒரு வாசகம் உண்டு:

‘எனது உடல்நிலை காரணமாகப் பணியினைத் தொடர்ந்து செய்ய இயலாத நிலையில் உள்ளபடியால், எனக்கு மருத்துவ இயலாமையின் அடிப்படையில் ஓய்வு வழங்கி, எனது மகனுக்குக் கருணை அடிப்படையில் பணி வழங்கிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஒரே வாக்கியம். இதில் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. எந்த வேலையுமே செய்ய முடியாது என்று ஊழியரே ஒப்புக்கொள்கிறார். மருத்துவக் குழு கூடச் சொல்லியிருக்காத ஒன்று. ஓய்வைத் தானே கோருகிறார். அதற்குப் பதிலாகக் கேட்கும் வாரிசு வேலையோ நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கருணை நியமனம் உரிமை அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன; வயது வரம்பு, குடும்ப வருமானம், காலியிடம், பதிவு மூப்பு என்று அதற்கு ஆயிரம் நிபந்தனைகள். மத்திய அரசில், பொதுவாக ஐம்பத்தைந்து வயதுக்கு முன் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றிருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். கையில் இருக்கும் உறுதியான உரிமையைக் கொடுத்து, வரலாம் வராமலும் போகலாம் என்கிற ஒன்றை வாங்கும் பேரம் இது. லைன்மேன் செய்ததும் இதே பேரம்தான்.

அதே ஊழியருக்கு, அதே உடல்நிலைக்கு, ஒரு பணிச் சட்ட வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தால் கடிதம் இப்படி இருக்கும்:

‘பணிக்காலத்தில் எனக்கு ஏற்பட்ட குறைபாட்டினால், தற்போது வகித்துவரும் ஓட்டுநர் பணியை மட்டும் தொடர இயலாத நிலையில் உள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4)-இன்படி, இதே ஊதிய விகிதத்திலும் பணிப்பயன்களிலும் தகுந்த மாற்றுப் பணி வழங்கவும், அவ்வாறான பணியிடம் தற்போது இல்லையெனில் மிகைப் பணியிடத்தில் என்னை வைத்துக்கொள்ளவும் கோருகிறேன். இம்மனுவில் நான் ஓய்வு கோரவில்லை.’

இரண்டுக்கும் காகிதச் செலவு ஒன்றுதான்.

ஏற்கெனவே முதல் வகைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? ஓய்வு நடைமுறைக்கு வரும் தேதி இன்னும் வரவில்லையென்றால், உடனே எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். விருப்ப ஓய்வுக் கோரிக்கையை அது அமலாகும் முன் காரணத்தோடு திரும்பப் பெற ஊழியருக்கு இடமுண்டு என்பது 1987-ஆம் ஆண்டின் பல்ராம் குப்தா வழக்கிலிருந்தே தெளிவு. பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் ஒன்று. நேரில் கொடுத்ததற்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை. ஆணை அமலாகிவிட்டிருந்தால், லைன்மேன் வழக்கு இருக்கிறது.

இன்றைய சட்டம்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் போய், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வந்துவிட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 47-ஆம் பிரிவின் சாரம் பிரிவு 20(4)-இல் அப்படியே இறங்கியிருக்கிறது. ஏழு வகைக் குறைபாடுகள் இருந்த இடத்தில் இப்போது இருபத்தொன்று. பார்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் அதில் அடக்கம்.

லைன்மேன் தீர்ப்பு அதிகாரிகள் மீது சுமத்திய கடமை மத்திய அரசில் எழுத்தாகவே வந்துவிட்டது. 2015-இல் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. உடற்குறை நேர்ந்த ஊழியர் விருப்ப ஓய்வு கேட்டால், உடனே ஏற்றுக்கொள்ளக் கூடாது; சட்டப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்; பொருந்தினால், அதே ஊதியத்தோடும் பயன்களோடும் பணியில் தொடரும் வாய்ப்பு இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்; அதற்குப் பிறகும் அவர் கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லையென்றால்தான் மேல் நடவடிக்கை. மத்திய அரசு ஊழியரின் வழக்கறிஞர் கோப்பில் முதலில் தேடுவது இப்படி ஒரு அறிவுரைக் கடிதம் கொடுக்கப்பட்டதா என்பதைத்தான். இல்லையென்றால் ஓய்வு ஆணையின் கால் ஒன்று ஏற்கெனவே ஒடிந்திருக்கிறது.

உண்மையிலேயே ஓய்வு வேண்டும் என்பவர்களுக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. பத்தாண்டுத் தகுதிப் பணி முடிக்காதவருக்கும் இயலாமை ஓய்வூதியம் கிடைக்க 2019 ஜனவரியில் மத்திய விதிகள் திருத்தப்பட்டன. 2004 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த மத்திய ஊழியர்கள், மரணமோ இயலாமையோ நேர்ந்தால் பழைய விதிப்படியான பலன் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாம். பணியின் காரணமாகவே காயம்பட்டவருக்கு வேறு தனி விதிகளும் உண்டு. தான் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்று பார்க்காமல் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து.

சட்டம் எட்டாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். இதய நோய், புற்றுநோய் போன்றவை இருபத்தொன்றின் பட்டியலில் இல்லை. அவற்றால் கை கால் இயக்கமோ வேறு குறைபாடோ ஏற்பட்டால்தான் வாதத்துக்கு வழி. சில பணிகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம். மத்திய ஆயுதப் படைகளின் களப் பணியிடங்களுக்கு 2021 ஆகஸ்டில் அப்படி விலக்கு அறிவிக்கப்பட்டது. 2003-இல் வென்ற அந்தக் காவலரின் நிலையில் இன்று ஒருவர் இருந்தால், அவருடைய பாதை அன்றைக்கு இருந்ததைவிடக் கரடுமுரடு. முழுக்க அடைபட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதே 2021 டிசம்பரில், மனநலப் பாதிப்புக்கு உள்ளான மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் வழக்கில், துப்பாக்கி ஏந்தத் தேவையில்லாத வேறு பணிக்கு ஊதியம் குறையாமல் மாற்ற முடியும் என்று உச்ச நீதிமன்றம் வழி காட்டியது.

நிறக்குருடு தனிக் கதை. பணியில் இருக்கும்போது அது தெரியவந்து ஓட்டுநர் வேலையை இழக்கிறவர்கள் உண்டு. சட்டத்தின் பட்டியலிலோ அது இல்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் மாற்றுப் பணி வழங்கச் சொன்னது. அதற்குப் பெருந்துணையாக இருந்தது 1979-இல் தொழிற்சங்கத்தோடு நிர்வாகம் போட்ட ஓர் ஒப்பந்தம். நிறக்குருடு ஏற்பட்ட ஓட்டுநருக்கு மாற்றுப் பணி என்று அதில் இருந்தது. பணியை வெட்டுவதற்கு முன் மாற்று இடம் தேடிப் பார்த்தோம் என்று நிர்வாகத்தால் காட்டவும் முடியவில்லை. நாற்பது ஆண்டுப் பழைய தாள் ஒருவரின் பிழைப்பைக் காத்திருக்கிறது. சங்க அலுவலகத்தின் பரணில் கிடக்கும் பழைய ஒப்பந்தங்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

வழக்கறிஞரை எப்போது, எங்கே

மருத்துவக் குழுவுக்கு அனுப்புகிறோம் என்ற கடிதம் வரும் நாளே சட்ட ஆலோசனைக்குச் சரியான நாள். ஓய்வு ஆணை வந்த பிறகு போகலாம், வெல்லவும் செய்யலாம். லைன்மேன் வென்றார், ஆனால் 1997-இல் போன வேலை 2008-இல்தான் திரும்பியது. இடையில் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்று தீர்ப்பில் எழுதியிருக்காது.

எந்த வழக்கறிஞர் என்பதும் முக்கியம். விபத்து இழப்பீடோ நிலத் தகராறோ நடத்துகிறவர் நல்லவராக இருக்கலாம். இது பணிச் சட்டம், அதற்கென்று பழக்கம் உள்ளவர்கள் வேறு. நல்லவர் முதலில் கேட்பது பணிப்பதிவேட்டின் நகல், மருத்துவக் குழுவின் சான்று, விடுப்பு ஆணைகள், நீங்கள் இதுவரை நிர்வாகத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகல். கடைசியாகச் சொன்னதை வாங்கிப் பார்க்காமல் வழக்கை எடுத்துக்கொள்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். மருத்துவக் குழுவின் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்பதும் ‘அனைத்து வகைப் பணிக்கும் நிரந்தரமாகத் தகுதியில்லை’ என்பதும் இரண்டு வேறு வழக்குகள். இரண்டாவது வகைச் சான்று வந்துவிட்டால், அதை எதிர்த்து மறு பரிசோதனை கேட்பதுதான் முதல் வேலை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவையும் இணையாகப் போட்டுவைக்கலாம்: அதே ஊதிய நிலையில் இந்த மண்டலத்தில் எத்தனை இடங்கள் காலி, கடந்த ஆண்டுகளில் மருத்துவக் காரணத்தால் எத்தனை பேருக்கு எந்த மாற்றுப் பணி கொடுத்தீர்கள்? முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘இடமே இல்லை’ என்ற நிர்வாகத்தின் பதில் மனுவை, நிர்வாகமே கொடுத்த இந்தப் பட்டியல் பல நேரம் சாய்த்துவிடும்.

எந்த வாசலில் ஏறுவது என்பது யாருடைய ஊழியர் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அமர்வு உண்டு. துறைக்குள் மேல்முறையீடு செய்து, ஆறு மாதம் பதில் இல்லாவிட்டால் அதன் பிறகு ஓராண்டுக்குள் மனு. இறுதி ஆணை வந்திருந்தால் அந்த நாளிலிருந்து ஓராண்டு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு. ரிட்டுக்கு எழுதப்பட்ட காலக்கெடு கிடையாது என்றாலும், ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வருகிறவரிடம் ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்றவற்றின் தொழிலாளர்களுக்கு 2025 நவம்பர் வரை தொழில் தகராறுச் சட்டத்தின் வழியும் இருந்தது; இப்போது அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 இருக்கிறது.

நீதிமன்றச் செலவுக்குப் பயப்படுகிறவர்கள் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். மத்திய ஊழியர் என்றால் தலைமை ஆணையரிடம். விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர்கள் கொடுப்பது பரிந்துரை. நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். கூர்மையான ஆயுதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பரிந்துரை கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் வழக்கின் எடை கூடும். பணிவிடுவிப்புத் தேதி நெருங்கிவிட்டது, உடனே தடை வேண்டும் என்றால் ஆணையரிடம் நேரத்தைச் செலவிடாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றி ஒன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12, மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோரும் அதே பிரிவில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர் என்பது தடை இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகம் ஒவ்வொன்றிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. தேசிய உதவி எண் 15100. அங்கே போகும்போது மாற்றுத்திறனாளி சான்றிதழின் நகலையும், கடைசியாக வந்த ஆணையின் நகலையும் எடுத்துச் சென்றால், விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடலாம். பணிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை நியமிக்குமாறு அந்த விண்ணப்பத்திலேயே கேட்டு எழுதுங்கள்; பட்டியலில் அடுத்து நிற்கிறவரை அனுப்பிவிடாமல் இருக்க அது உதவும்.